கழற்றி வைத்த இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

குணசேகர் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் என் குரல் கேட்டதுமே நீ அழுகிறாய், அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரு வேடிக்கை. நான் சுத்தம் செய்கிற மியூசியத்தில் ஒரு பழைய டகோட்டா விமானம் நிற்கிறது. இந்த ஊருக்கு முதன்முதலில் தபால் கொண்டுவந்தது அதுதானாம். அதைக் கடைசியாக ஓட்டிய பைலட் தன் சீட்டில் கழற்றி வைத்த கையுறைகள் ஐம்பது வருடமாக அப்படியே கிடக்கின்றன. போன வாரம் தூசி தட்டும்போது அவற்றை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் கத்தித் தீர்த்துவிட்டார். பழைய போட்டோவைப் பார்த்து, விரல் விரலாக, மறுபடி அதே மாதிரி வைக்க மத்தியானம் முழுக்க ஆனது. யாரோ ஒருவருடைய கையுறைக்கு, அம்மா!

நைனா இறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். ஊருக்கு வர லீவு கேட்டதற்கு, ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது என்றார்கள். பெற்ற மகன் நான், அவர் முகம்கூடப் பார்க்கவில்லை.

ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை இப்போதே எடுக்க வேண்டாம். தங்கச்சி கவிதா போனில், "நைனா செருப்ப இன்னாத்துக்கு வாசல்ல வச்சினு இருக்கணும், தூக்கிப் போட்டுடலாம்" என்றாள். கூடாது என்று அவளிடம் சொல். அவர் எப்படிக் கழற்றி விட்டாரோ அப்படியே கிடக்கட்டும். பெருக்கும்போதுகூட நகர்த்தாதே.

எங்கள் தொழிலாளர் கேம்புக்குத் திரும்பும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஏற்கெனவே நகர்த்தியிருந்தால், எனக்குச் சொல்லாதே.

குணசேகர்