உன் பட்டியலின் சிவப்புப் பக்கம்

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று ஒரு வரியில் முடித்துவிடத்தான் நினைத்தேன், உன்னிடம் பொய் எழுதிப் பழக்கமில்லை. அப்பா இன்று எழுந்து சலூனைத் திறந்துவிட்டார், அந்த அளவுக்கு நலம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இதுவோ அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

நீ எட்டுக் கிலோ குறைந்துவிட்டாய் என்று கேட்டதிலிருந்து அவருக்கும் ஆசை வந்து, உன் கீட்டோ சாப்பாட்டுப் பட்டியலை அனுப்பச் சொல்லி நச்சரித்தாரே, நீயும் விளையாட்டாக அனுப்பிவைத்தாய். அதை ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, கடைக் கண்ணாடியில் கட்டண அட்டைக்கு மேலேயே ஒட்டிவிட்டார். தின்னலாம் என்ற பச்சைப் பக்கத்தில் முட்டை, இறைச்சி, வெண்ணெய், கீரை. தொடக்கூடாது என்ற சிவப்புப் பக்கத்தில் சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், பருப்பு, சர்க்கரை என்று நாம் இத்தனை நாள் தின்று வளர்ந்தது மொத்தமும். முடி வெட்ட வந்த ஒருவர் அதையும் கட்டணம் என்று நினைத்து, வெண்ணெய் தலைக்கா முகத்துக்கா என்று கேட்டாராம். இரண்டு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் அவர் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து, ஒரு கை சோறாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நம்ம பொண்ணு தப்பா அனுப்புவாளா என்று என் வாயை அடைத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை என்றாலே வியாதியின் பெயர்தான், தின்கிற பொருள் என்பதே மறந்துபோயிற்று. மாத்திரையும் சர்க்கரையை விரட்டுது, பட்டியலும் விரட்டுது, ரெண்டு பக்கமும் அடிச்சா சீக்கிரம் ஓடிடும் என்பது அவர் கணக்கு. தினமும் காலையில் அந்த மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தது நான்தான், எனக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மருந்துக்கடைக்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கடை நம் முன்னறைதானே, நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா, ஓடி வாங்க என்று அவர் போட்ட சத்தத்தில் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் முகமெல்லாம் நுரையோடு அந்த மனிதர், அப்பாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்பா கையில் சவரக் கத்தி, அது நடுங்குகிறது. முப்பது வருஷத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் காதுக்குக் கீழே நூல் அளவுக்கு ஒரு கீறல். இன்னும் இரண்டு விரல் தள்ளிப் பட்டிருந்தால், வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது. அப்பாவின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, என்னைப் பார்த்து நீங்க யாரு என்றார். அவருக்குச் சர்க்கரை ஏறவில்லை, இறங்கிவிட்டது, சீக்கிரம் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். நான் கரைத்து உதட்டில் வைத்தால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார். பெண்டாட்டியைத் தெரியவில்லை, ஆனால் சர்க்கரை சிவப்புப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. கெஞ்சினேன், திட்டினேன், வாயே திறக்கவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் அவர் காதருகே குனிந்து, உங்க பொண்ணு இப்பத்தான் போன் பண்ணுச்சு, அப்பாவுக்குச் சர்க்கரை கொடுங்கன்னு சொல்லுச்சு என்றார். உடனே சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார்.

பிறகு டாக்டரிடம் போனோம். இந்தச் சாப்பாடு சிலருக்கு ஒத்துக்கொள்ளும், விஷம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இத்தனையையும் ஒரேயடியாக விலக்கிவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போடலாமா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று கடிந்துகொண்டார். மாத்திரையைக் குறைத்துக் கொடுத்து, மூன்று வேளையும் அளவாகச் சோறோ ரொட்டியோ சேர்க்கச் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னால் இவர் கேட்கிற ஆளா? அதனால் நானும் மருந்துக்கடைக்காரர் வழியிலேயே இறங்கிவிட்டேன். நீங்கள் கடையில் இருந்தபோது பொண்ணு போன் பண்ணினாள், ஒரு கரண்டி சேர்த்துப் போடச் சொன்னாள் என்று வேளைக்கு ஒரு பொய். நீ இந்த நாலு நாளில் பன்னிரண்டு முறை பேசியிருக்கிறாய், தெரிந்துகொள்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை, சத்தியமாக இல்லை. பயம்தான். போன வாரம் லிஃப்டில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது. நீ மாத்திரை போடுகிறவள் இல்லை, உனக்கு அப்படி ஆகாது என்று டாக்டர் சொல்கிறார், ஆனாலும் தலைசுற்றல் இருந்தால் அங்கேயே ஒருவரிடம் காட்டச் சொன்னார். எதைத் தின்னலாம் என்று கேட்டால் நீ எதைத் தின்னக்கூடாது என்றுதான் பதில் சொல்கிறாய். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகும்போது நீ மட்டும் மேசையிலேயே உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னாய். எடை குறையட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் குறையக்கூடாது. அப்பாவுக்கு உன் பெயரைச் சொன்னோம், வாயைத் திறந்தார். நீ அங்கே விழுந்தால் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

நீண்ட ஆயுசோடும் நிறைந்த வயிற்றோடும் நன்றாக இரு. மறந்துவிடாதே, இது கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, சாப்பிடுங்கப்பா என்று உன் வாயால் ஒரு தடவை சொல்லிவிடு. சொல்வதற்கு முன்னால் நீ சாப்பிட்டுவிட்டு வா. பொய் சொல்ல எனக்கு வரும், உனக்கு வராது, வெறும் வயிற்றோடு சொன்னால் உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா