பதினெட்டு நொடி

ஜனவரி 11, சனி

ஒத்திகையில் இன்றும் நடுவில் மூச்சு வாங்கிவிட்டேன். என் கார்னெட் ஊதுகுழல் மட்டும் தனியாக ஒலிக்கும் அந்த நீள வரி பதினெட்டு நொடி. பதினொன்றிலேயே நெஞ்சு காலி. இசைக்குழு நடத்துநர் கோர்டன் வாசலில் தனியாகச் சொன்னார்: "மார்ச் போட்டிக்குள்ள சரி பண்ணு ஹிலரி. இல்லேன்னா அந்த வரியை வேற ஆளுக்குக் குடுக்கணும்."

இருபத்தாறு வருடம், தினம் இருபது சிகரெட். யாரைக் குறை சொல்ல?

இதை எழுதும்போதும் ஒன்று புகைகிறது.

ஜனவரி 18, சனி

ஒத்திகை முடிந்து நேரே புகை நிறுத்தும் மையம், நூலகத்து மாடி. ஆலோசகர் நொரீன் ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு: 23. புகைக்காதவர்களுக்கு ஆறுக்குக் கீழே இருக்குமாம். வேதியியல் பட்டம் வாங்கியவள் நான். வெட்கமாக இருந்தது.

மின்சிகரெட் ஒன்று கொடுத்தாள். "நல்லதுன்னு சொல்லமாட்டேன் கண்ணு. புகைக்காதவங்க இதைத் தொடவே வேணாம். ஆனா உங்களுக்கு இது சிகரெட்டைவிட எவ்வளவோ தேவலை. இதுல எதுவும் எரியறதில்ல."

ஜனவரி 21

இருமல். சிகரெட் போல வெடுக்கென்று இழுக்கிறேன். சூடான தேநீரை உறிஞ்சுவது போல மெதுவாக இழுக்க வேண்டுமாம்.

ஜனவரி 25, சனி

இடைவேளையில் வழக்கம்போல் நானும் கிளிஃபும் ஒத்திகைக் கூடத்தின் பின்புறம், மழையில். டியூபா வாசிப்பவர்; பதினைந்து வருடமாக என் புகைக் கூட்டாளி.

"என்னம்மா, கெட்டில் கொண்டாந்துட்டியா? ஆவி பறக்குது."

சிரித்தேன். விடவில்லை அவர். "சிகரெட் என்ன பண்ணும்னு நமக்குத் தெரியும். இந்த ஆவி இருபது வருஷம் கழிச்சு என்ன பண்ணும்னு எவனுக்குத் தெரியும்?"

"தெரிஞ்ச ஒண்ணால செத்தா பரவால்லயா, கிளிஃப்?"

எதிர்த்துப் பேசினேனே தவிர, அவர் கேட்டது பொய்யில்லை. முழுதாக யாருக்கும் தெரியாது. எரிக்கிற புகை என்ன செய்யும் என்பது மட்டும் என் பதினொரு நொடிக்குத் தெரியும்.

பிப்ரவரி 1, சனி

வாரம் முழுக்க சிகரெட் இல்லை. இன்று காலை கிளிஃபோடு மட்டும் மூன்று. மூன்றுதானே என்று பெருமையாகப் போய் ஊதினேன். 9.

"ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா எப்படி? குறைக்கிறது வேற, விடறது வேற," என்றாள் நொரீன்.

அந்த மூன்றும் புகைக்காகவா? இல்லை. கிளிஃபுக்காக. அவர் பக்கத்தில் சும்மா நிற்கத் தெரியாததால் — நாற்பத்தாறு வயதில் இது ஒரு கண்டுபிடிப்பு.

பிப்ரவரி 8, சனி

மழையில் நின்றேன். சிகரெட் தொடவில்லை. "உன் ஆவி என் சிகரெட்டை நனைக்குது," என்றார் கிளிஃப். ஆனால் நகர்ந்து, எனக்கும் கூரைக்கடியில் இடம் விட்டார்.

ஊதினேன். 2.

பிப்ரவரி 22

பதினாறு நொடி. கோர்டன் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான். எனக்குப் போதும்.

மார்ச் 2, ஞாயிறு

பதினெட்டு. ஒரே மூச்சில், கடைசிச் சுரம் அடங்கும்வரை. அதற்குப் பிறகும் நெஞ்சில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதல் பரிசு எங்களுக்கு.

அரங்கின் பின்புறம் கிளிஃப், பற்றவைக்காத சிகரெட்டோடு.

"அந்த நூலகத்து மாடி... எத்தனை மணிக்குத் திறப்பாங்க? மார்ஜரி கேட்டா."

அவர் மனைவி மார்ஜரி வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை.

"சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு," என்றேன். "மெதுவா இழுக்கணும்னு மார்ஜரிகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார், சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்பச் செருகியபடி.