வாரத்துக்கு மூன்று பாட்டுப் பீரியட்

1954 ஜூலை 19, திங்கள். பாறசாலை

ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இன்றைக்கு வந்துவிட்டது. நம் மிஷன் பள்ளிக்கூடத்தின் தமிழ் டிவிஷன் பெண்பிள்ளைகளுக்கு வாரத்துக்கு மூன்று பாட்டுப் பீரியட். வருஷக் கடைசியில் பரீட்சை, மார்க்கு எல்லாம் உண்டு. தலைமையாசிரியை விஜயம்மா காகிதத்தை நீட்டி, "ரத்னபாய் டீச்சருக்கு இப்போ சமாதானம் ஆயில்லே?" என்றார். எங்கே ஆகிறது? 'ஒரு வருஷத்துக்கு மட்டும், பிறகு பரிசீலிக்கப்படும்' என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, புதன்

இன்று கைச்சைகையால் சுரம் காட்டும் பாடம். முஷ்டியை மடக்கிக் காட்டினால் டோ, உள்ளங்கையைச் சரித்துக் காட்டினால் ரே, மட்டமாக நீட்டினால் மீ. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, அதுவரை காதால் கேட்டிராத ஒரு மெட்டைப் பாடினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நம் சபையில் உபதேசியார் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுப்பார், ஜனங்கள் அதை வாங்கி இழுப்பார்கள். அவர் தப்பாகக் கொடுத்தால் முந்நூறு பேரும் தப்பு. இருபது வருஷமாக நான் கட்டிய பாட்டுகள் அப்படித்தான் சீரழிகின்றன. இந்தப் பிள்ளைகள் தலையெடுத்தால் அந்தப் பழக்கம் ஒழியும். ஐந்தாம் பாரம் விமலகுமாரி ஒருத்தி போதும். ஒரு தடவை கை காட்டினால் பிடித்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

தம்பி செல்லையன் என் அறுப்புப் பண்டிகைப் பாட்டை எடுத்துக்கொண்டான். கேட்கவில்லை, கொள்ளவில்லை. 'கதிர் முற்றின காலம் இதே, கைகூப்பி வாரும்' என்று நான் எழுதினது, இப்போது ஊர்வலத்தில் 'எல்லை கேட்கும் காலம் இதே, எழுந்து வாரும்' என்று போகிறது. தமிழ் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று இவன் கட்சி கிடந்து ஓடுகிறது, சரி. அதற்கு என் மெட்டா கிடைத்தது?

"நல்ல பாட்டுன்னுதானே அக்கா எடுத்தோம்" என்கிறான். பாட்டை எடுத்ததைவிட அதைப் பாடுகிற விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் அடியில் மேலே ஏறவேண்டிய இடத்தில் பொத்தென்று கீழே விழுகிறார்கள். காதைப் பொத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து விமலகுமாரி வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், புதன்கிழமை ஊர்வலத்தில என்னைய முன்னால நின்னு பாடச் சொல்லுதாவ. போவட்டா?" என்று கேட்டாள். எப்படிப் பாடுவாய், பாடு பார்ப்போம் என்றேன். பாடினாள். அதே தப்பு! இவளுமா?

உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன், அவர்களுடைய வார்த்தையை வைத்தே. ஏறுகிற இடத்தில் மூச்சை எங்கே வாங்குவது என்று காட்டினேன். கடைசியில் அப்பழுக்கில்லாமல் வந்தது. "அப்போ வாறேன் டீச்சர்" என்று போனாள். இனிமேலாவது அந்த ஊர்வலக்காரர்கள் ஒழுங்காகப் பாடட்டும்.

ஆகஸ்ட் 11, புதன்

மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செல்லையன் இன்னும் வீடு வரவில்லை. இங்கேயும் ஊர்வலம் கலைந்து ஓடினதாம். விமலா?

ஆகஸ்ட் 12, வியாழன்

கூட்டம் சிதறி ஓடியதில் ரோட்டோரக் கலுங்குப் பள்ளத்துக்குள் விழுந்திருக்கிறாள். இடது கை முறிந்துவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். அவள் அம்மா அம்மிணி என்னைப் பார்த்ததும், "டீச்சரு சொன்னா கேப்பா, ஒரு வார்த்த போவாதேன்னு சொல்லியிருக்கப்பிடாதா" என்று அழுதாள்.

போகட்டுமா என்றுதானே அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்? நான் என்ன பதில் சொன்னேன்? பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். சீ! என்ன ஜென்மம் நான். செல்லையன் தலைமறைவு. இவனுக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

ஊர்வலத்தில் பாடினதற்காக விமலாவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வெட்டிவிட்டார்கள். மேனேஜர் ஐயா ஆபீஸ் அறையில் வைத்து மூன்று தடவை கேட்டாராம், ஊர்வலப் பாட்டை உனக்குச் சொல்லித் தந்தது யார் என்று. "யாருமில்ல, நானாட்டு படிச்சேன்" என்ற ஒரே பதில். யார் என்று சொன்னால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். சொல்லமாட்டேன் என்கிறாள்.

விஜயம்மா இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். "டீச்சரே, மிண்டாதிருந்நால் கிளாஸ் உண்டாவும்" என்று மட்டும் சொன்னார். நான் வாய் திறக்காமல் இருந்தால் பாட்டு வகுப்பு நிலைக்குமாம்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

சபையில் வாய் திறக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னேன்.

செப்டம்பர் 7, செவ்வாய்

மேனேஜர் ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். உண்மையைச் சொன்னால் பாட்டுப் பீரியட் போகும், அது நிச்சயம். நாற்பத்திரண்டு பிள்ளைகள் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம் என்று கணக்குப் பார்க்கிறேன். வெட்கங்கெட்ட கணக்கு. அந்த ஒருத்தி கையை உடைத்துக்கொண்டு, படிப்பையும் விட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லாமல் வீட்டில் கிடக்கிறாள். நான் இங்கே ஆ, ஊ என்று பாடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கடிதத்தையும் கிழித்தேன்.

செப்டம்பர் 13, திங்கள்

கடிதமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நேரே போய்ச் சொல்லிவிட்டேன். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன் ஐயா. என் மெட்டு. அவர்கள் தப்பாகப் பாடினார்கள், அதைத் திருத்தினேன்." மேனேஜர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "திருத்தினீரா?" என்றார். அவ்வளவுதான். விமலாவுக்கு நாளைமுதல் வகுப்பு. எனக்குப் பாட்டுப் பீரியட் இல்லை, தையல்.

ஆனாலும் மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

செப்டம்பர் 15, புதன்

நன்றி சொல்ல வருவாள் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், எதற்கு மறைக்க? விமலா வராந்தாவில் கட்டுப்போட்ட கையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"எதுக்கு டீச்சர் சொன்னிய?"

"உன் படிப்பு மக்கா..."

"எனக்கப் படிப்பு போனா எனக்குப் போச்சு. நான் வாய மூடிட்டு இருந்தது கிளாசுக்கு வேண்டியாக்கும். இப்போ அதும் போச்சில்லா."

போய்விட்டாள். அந்த இடத்திலேயே நின்றேன். மணி அடித்தும் நின்றேன்.

1955 பிப்ரவரி 3, வியாழன்

செல்லையன் வழக்கெல்லாம் முடிந்து வீட்டோடு இருக்கிறான். எனக்குப் பொத்தான் துளை தைப்பது நன்றாக வருகிறது. பாட்டு ஒன்றும் வரவில்லை.

1956 நவம்பர் 2, வெள்ளி

நேற்று எல்லை பிரிந்தது. களியக்காவிளைக்கு அப்பால் சென்னை ராஜ்யம், நாங்கள் கேரளம். அங்கே வெடி போட்டது இங்கே கேட்டது. "நம்மள மட்டும் விட்டுட்டுப் போயிட்டினும் அக்கா" என்று செல்லையன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் விமலா வந்தாள். இரண்டு வருஷமாகத் தெருவில் கண்டால் தலையை மட்டும் அசைப்பவள். நாகர்கோவிலில் வாத்திச்சி டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், திங்கட்கிழமை போகவேண்டுமாம். நான் அலமாரியிலிருந்து என் பாட்டு நோட்டை எடுத்தேன். அறுபது பாட்டு, சுரத்தோடு. நீ கொண்டு போ, அங்கேயாவது உனக்கு ஒரு வகுப்பு கிடைக்கும் என்றேன்.

"இது இஞ்ச உள்ள பிள்ளையளுக்கு வேணும் டீச்சர்."

"இங்கே எந்தப் பிள்ளைகள்?"

"எங்க மாட்டுப்புரையில சனிக்கிழம தோறும் பதினோரு பிள்ளைய வருது. ஒண்ணர வருசமாட்டு நான்தான் சொல்லிக் குடுக்கேன். கை காட்டினா பாடும். மலையாளம் டிவிஷன் பிள்ளையளும் நாலு உண்டு."

ஒன்றரை வருஷம். அரை மைலுக்குள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நிங்க நேரா மேனேஜர் ஐயாட்ட போய்ச் சொல்லிருவிய."

அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் போனா பின்ன அதுகள ஆரு பாப்பா? நிங்க வருவியளா? வந்தா ஒரு காரியம். ஆருட்டயும் மிண்டப்பிடாது."

நாளை சனி. காலையில் போகிறேன். விஜயம்மாவிடம் சொல்லவில்லை. செல்லையனிடமும் சொல்லவில்லை.