வெள்ளிக்கிழமைப் பொரி

மயிலாப்பூர்
12-8-1973

அன்புள்ள வடிவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

ஐயா காலமானதிலிருந்து கார் மூன்று வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் வந்து எடுக்கும்வரை அதை எலி கடிக்காமல் காப்பதுதான் இப்போது என் டிரைவர் உத்தியோகம். டயரைச் சுற்றிப் புகையிலையும் சீட்டில் அந்துருண்டையும் வைத்திருக்கிறேன். அம்மாவோ வெள்ளிதோறும் காருக்குள் இருக்கும் பிள்ளையாருக்குப் பொரிகடலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்.

“அதைத் தின்னத்தாம்மா எலி வருது” என்றேன்.

“பிள்ளையாரைப் பட்டினி போடச் சொல்றயா? நீ நன்னா பாத்துண்டா ஏன்டா வரது?”

நேற்று எலி ஒயரைக் கடித்துவிட்டது. எலி ஒழிந்த பிறகுதான் லீவு என்கிறார். ஆகவே பாப்பாவின் காதுகுத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். எப்படியும் மாமன் மடியில்தான் உட்காரப் போகிறாள்.

எலிக்கு ஆகாதாம், நொச்சித்தழை ஒரு கட்டு அனுப்பு. கூடவே பாப்பா போட்டோ ஒன்று.

பின்சீட்டுக்குள் எலி நான்கு குட்டி போட்டிருக்கிறது. இந்த வீட்டில் குடும்பத்தோடு இருப்பது அது ஒன்றுதான். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

வைரவன்