வராதவரும் சேர்ந்த கூட்டம்

அப்பாவுக்கு,

தம்பி பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பான் என்று நம்புகிறேன். ஆண்கள் அணியில் அவன் களமிறங்காத ஆட்டங்களைக்கூட நீங்கள் ஒன்றுவிடாமல் பார்ப்பதாக அத்தை சொன்னார்.

நான் சேர்ந்தபோது எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியின் ஐஸ் ஹாக்கிக்கு ஆடுகிறவர்களின் வீட்டார் மட்டும்தான் வருவார்கள். இப்போது டுலூத் நகரமே திரண்டு வருகிறது. சனிக்கிழமை, இறுதியாண்டுப் பெண்கள் பெற்றோரின் கையைப் பிடித்துப் பனித்தளத்தில் நடக்கும் நாள். அம்மா இல்லை, நீங்கள் வரவில்லை. தோழி பிரிட்டாவின் அப்பாதான், "நீயும் வா தாயி, எனக்கு ரெண்டு கை இருக்குல்ல" என்றார்.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இதுவரை காணாத பெருங்கூட்டமாம். அரங்கமே எழுந்து கைதட்டியது. இங்கே விற்ற டிக்கெட்டைத்தான் எண்ணுவார்கள், வந்த ஆட்களை அல்ல. "வருஷா வருஷம் உன் ஆட்டத்துக்கு சீசன் டிக்கெட் எடுத்துடறேனே, அப்புறம் என்ன?" என்பீர்களே, அந்தச் சாதனையில் நீங்களும் ஒருவர்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தேன். என் எண் போட்ட சட்டையோடு ஒரு சிறுமி, டிக்கெட் கிடைக்காமல், அதுவரை வாசலிலேயே நின்றிருக்கிறாள். அடுத்த வார ஆட்டத்துக்கு உங்கள் நாற்காலியை அவளுக்குக் கொடுக்கும்படி டிக்கெட் கவுண்டரில் சொல்லிவிட்டேன்.

கவலைப்படாதீர்கள். கூட்டக் கணக்கு குறையாது.

இப்படிக்கு,
களத்தில் இறங்கி ஆடும் உங்கள் பிள்ளை