மூன்றாம் நம்பர்க்காரி

மார்ச் 4

இன்று ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைபோல் வந்தன. லாண்டரியில் ஒரு டிரையர் மக்கர் பண்ணியது. இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால் வாசலில் நாத்தனார், கையில் பழப்பையோடு. பழத்தோடு வந்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். கேட்டார்.

"தம்பி கம்ப்யூட்டர் சும்மாதானே தூங்குது. என் பொண்ணு படிப்புக்கு ஆகும். உனக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாதேம்மா."

தெரியாதுதான். துடைத்துத் தருகிறேன் அண்ணி என்றேன். நான் சொன்னது தூசியை. அவர், "உள்ள இருக்கிறதையும் துடைச்சிரு. அந்த டும்டும் எல்லாம் அவளுக்கு எதுக்கு" என்றார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் போய் இரண்டு மாதம் ஆகிறது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப்போன கட்டடத்தில், மொட்டைமாடி மோட்டார் ரூமில், உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இருந்தவரைக்கும் வேலை விட்டு வந்ததும் சமையலறைக்குப் பக்கத்து ரூமுக்குள் போய்விடுவார். லாண்டரியில் கழித்துப்போட்ட கம்பளிகளை நான்தான் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். சுவர் முழுக்க ஆணியடித்து மாட்டினார். சத்தம் வெளியே போகக்கூடாதாம். காதில் தேங்காய் மூடி மாதிரி ஹெட்போன். என்ன பண்றீங்க என்றால் "மியூசிக்". போட்டுக் காட்டுங்க என்றால் "இன்னும் முடியல". எத்தனை வருஷமாக முடியவில்லை?

இப்போது யோசிக்கிறேன். வெளியே போகக்கூடாத அளவுக்கு ஒரு மனுஷனிடம் அப்படி என்ன சத்தம்?

மார்ச் 6

ஆன் பண்ணிவிட்டேன். நர்ஸ் படிப்பு ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல அழுத்தினேன். "அப்பா எதைத் தொறப்பாரு? ஆரஞ்சுப் படமா? அதை ரெண்டு தட்டு தட்டும்மா" என்றாள். போனை வைத்துவிட்டுத் தட்டினேன்.

திரை முழுக்கக் கலர் கலராகப் பட்டைகள். கொடியில் துண்டு காயப்போட்ட மாதிரி, வரிசை வரிசையாக. கீபோர்டில் நீளக் கட்டையை அழுத்தினால் ஒரு கோடு அவற்றின் மேல் ஊர்ந்துபோகிறது, சத்தம் வருகிறது. லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம். மோட்டார் முனகல். மாடி வந்ததும் அடிக்கும் மணி. இதையெல்லாம் எப்போது பிடித்து வந்தார்? அதற்குப் பின்னால் டும், டும் என்று ஒன்று. பரவாயில்லையே, நம் ஆளுக்கு இது வருமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே —

ஒரு பொம்பளை.

பாடினாள் என்று சொல்ல முடியாது. பாட்டு என்றால் சொல் இருக்கும். இதில் சொல்லே இல்லை. ம்ம்... ஆ... என்று இழுத்து, கடைசியில் ஒரு மூச்சு விடுகிறாள். காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்து விடுகிற மூச்சு.

அந்த மூச்சோடு எல்லாமே நின்றுவிட்டது. அதற்குமேல் பட்டை இல்லை.

மார்ச் 7

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 9

மற்றதையும் திறந்து பார்த்தேன். எதுவுமே முழுசாக இல்லை. எல்லாம் பாதியில் நிற்கிறது. முக்கால்வாசியில் அவள் இருக்கிறாள். ஒன்றில் மெதுவாக, ஒன்றில் வேகமாக. ஒன்றில் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்ட மாதிரி, மூச்சை உள்ளே இழுக்கிறாள்.

பட்டையின் ஓரத்தில் குட்டியாக ஒரு பொத்தான். மௌஸ் தவறி அமுங்கிவிட்டது. மற்ற சத்தமெல்லாம் அடங்கி அவள் மட்டும் கேட்டாள். டும் இல்லை, மணி இல்லை. அந்த ரூமில் நானும் அவளும்.

வயசு கண்டுபிடிக்க முடியவில்லை. சின்னப் பெண் இல்லை. சளி இல்லாத தொண்டை. நிதானமானவள். நான் கத்திப் பேசுகிறவள். டிரையர் பக்கத்தில் வேலை செய்தால் அப்படித்தான் ஆகும்.

பட்டைமேல் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. நான் படித்தது ஏழாவது வரைக்கும்தான். ஆனால் அந்த முதல் சொல் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மூட்டைச் சீட்டில் தினமும் பார்க்கிறேன். பெண்கள் வார்டு மூட்டையில் அந்த எழுத்துதான் இருக்கும். ஃபீமேல். அதற்கு அடுத்து 3.

மூன்றா? அப்படியானால் முதல் இரண்டு பேர் யார்?

மார்ச் 11

நாத்தனார் வந்தார். பழம் இல்லை, அவசரம். எப்போது தருவாய் என்கிறார். வாயைக் கிண்டிப் பார்ப்போம் என்று, "அண்ணி, அவர் அந்த ரூம்ல என்னதான் பண்ணினாரு? உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?" என்றேன்.

"அவன் எங்க சொல்லுவான், கல்லுளிமங்கன். ஆனா ஒண்ணும்மா, அதுக்குள்ள இருந்தப்பதான் அவன் மூஞ்சில ஒரு சந்தோஷம் இருந்துச்சு. இப்ப எதுக்கு அதைத் தோண்டிக்கிட்டு?"

ஏன் தோண்டக்கூடாது? தோண்டினால் என்ன வரும் என்று இவருக்குத் தெரியும்போல. அதனால்தான் உள்ளே இருப்பதைத் துடைத்துத் தா என்கிறாரோ? தம்பி மானத்தை அக்கா காப்பாற்றுகிறார்!

டீ கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றுதான்.

மார்ச் 14

ஒயர் கடைக்குப் போனேன். ஒயர் என்றால் அவருடைய சிநேகிதன். டி.வி., மிக்ஸி ரிப்பேர் செய்கிறவன். எந்நேரமும் கழுத்தில் ஒரு ஒயரைப் போட்டுக்கொண்டு திரிவான், அவர் வைத்த பேர் அது. மியூசிக் கிறுக்கு இரண்டு பேருக்கும் உண்டு. இவனுக்குத் தெரியாமல் ஒன்றும் நடந்திருக்காது.

அவளைப் பற்றி நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்படிக் கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். சுற்றி வளைத்தேன்.

"தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிறது அண்ணனுக்கு எப்படிக் கிடைச்சுது? உண்மையைச் சொல்லு."

மூஞ்சி செத்துவிட்டது அவனுக்கு. "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும்."

கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "நான்தான்கா கொண்டாந்து கொடுத்தேன்."

"நீயா!"

"எல்லாரும் பண்றதுதான்கா. அண்ணன் முதல்ல வேணாம்னுதான் சொன்னாரு, பயந்தாரு. அப்புறம் பழகிப்போச்சு. வெளியில சொல்லிராதீங்க, என் பொழைப்பு போயிரும்."

நான் விடுவிடுவென்று வந்துவிட்டேன். எல்லாரும் பண்றதுதானாம். பழகிப்போச்சாம். இதைச் சொல்லும் வாயில் அக்கா வேறு.

மார்ச் 15

முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஒயரை வரச்சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெட்டியை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அவனே கொண்டுவந்து விட்டான், அவனே துடைக்கட்டும்.

மகளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அப்பா அப்பாவாகவே இருக்கட்டும். எனக்குத்தான் —

யோவ், நீ இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். சட்டை மட்டும் இருக்கிறது. அதை வைத்து என்ன கேட்பது?

மார்ச் 18

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மூட்டை ஏற்ற வரும் வேன் டிரைவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள். ம்ம்... ஆ... அப்புறம் அந்த மூச்சு. கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"யாருய்யா இவ?"

"யாரு? ஹீட்டர்தான்கா."

"என்னது?"

"வெந்நீர் ஹீட்டர் விளம்பரம். உங்களுக்கு வேணுமா? மச்சான் கடையில கேட்டுத் தரேன்."

படத்தில் ஹீட்டர்தான் இருந்தது. அவள் இல்லை. ஆனால் குரல் அவளுடையதுதான், ஆயிரம் பேர் நடுவில் கேட்டாலும் சொல்வேன். ஆக, விளம்பரத்தில் பாடுகிற பெரிய இடத்துப் பொம்பளை. லிஃப்ட் மெக்கானிக்கிடம் அவளுக்கு என்ன? ஏதாவது ஸ்டூடியோ இருக்கும் கட்டடத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பாள். இவர் போய்த் திறந்துவிட்டிருப்பார். அப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

மார்ச் 20

செருப்புக் கடையிலும் அவள். மேலே ஸ்பீக்கரில், வேறு தாளத்தோடு, எவனோ ஒருவன் கத்துகிறான், பின்னால் இவள் மூச்சு விடுகிறாள். ஒரு கால் செருப்போடு நின்று கேட்டேன். கடைக்காரப் பெண், "சைஸ் பத்தலையாம்மா?" என்றாள்.

இவள் எத்தனை பேர் வீட்டில்தான் இருக்கிறாள்?

ஒரு பக்கம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரையும் ஏமாற்றியிருக்கிறாளே என்று ஒரு நிமிஷம் அவருக்காகக் கோபம் வந்தது!

மார்ச் 23

ஒயர் வந்தான். அழிக்க உட்கார்ந்தான். நான் கதவுப்பக்கம் நின்றுகொண்டு, "அழிக்கிறதுக்கு முன்னாடி அவ யாருன்னு சொல்லிட்டு அழி" என்றேன்.

"எவக்கா?"

"மூணாம் நம்பர்க்காரி." பட்டையைக் காட்டினேன். "நீதானே கொண்டாந்து விட்டேன்னு சொன்னே."

திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, அதற்கு நான் நன்றி சொல்லணும். உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டான்.

"அக்கா, நான் சொன்னது இந்த சாஃப்ட்வேரை. காசு கொடுத்து வாங்கல, திருட்டுக் காப்பி. அதைத்தான் கேக்குறீங்கன்னு நினைச்சேன். இந்தக் குரல் கட்டுல வர்றது."

"என்ன கட்டு?"

"கடையில பட்டன் அட்டை விக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. டிரம் ஒரு கட்டு, மணி ஒரு கட்டு, பொம்பளைக் குரல் ஒரு கட்டு. எந்த ஊர்லயோ ஒரு பாட்டுக்காரி நின்னு ஆ ஊன்னு பாடிட்டு, சம்பளத்தை வாங்கிட்டுப் போயிருப்பாங்க. உலகத்துல எவன் வேணும்னாலும் எடுத்து அவன் பாட்டுல தைச்சுக்கலாம். அண்ணன் அந்தம்மா மூஞ்சியைக்கூடப் பார்த்திருக்க மாட்டாரு. பேரும் தெரியாது. வெறும் மூணு."

"ஒண்ணும் ரெண்டும்?"

போட்டுக் காட்டினான். ஒன்று கீச்சுக்குரல். இரண்டு, இருமலை அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி. நாலு, அஞ்சு என்று நாற்பது வரைக்கும் போனது. எல்லாவற்றையும் கேட்டேன். மூன்றுதான் நன்றாக இருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"அப்ப எனக்கு ஏன் போட்டுக் காட்டல?"

"எனக்கே பாதிதான் காட்டுவாரு. முடிக்காத வேலையைக் கொடுத்தா அது ரிப்பேர் இல்லைம்பாரு."

அழிக்க விடவில்லை. அவனை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24

சந்தோஷமாகத்தானே இருக்கணும்?

இத்தனை நாளாகத் துணி துவைக்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இன்று கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன். செத்துப்போய்விட்டார். அவ்வளவுதான்.

சாப்பிடவில்லை.

மார்ச் 25

அழுதேன். இந்தத் தடவை சரியாக அழுதேன்.

மார்ச் 30

ஒயர் போன் பண்ணினான். பென் டிரைவில் எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் வைத்து ஒன்றையாவது முடித்துத் தருகிறானாம்.

ஏன் இவ்வளவு அக்கறை? எள்ளு காய்வது எண்ணெய்க்கு. நாளைக்கு அதுவும் செருப்புக் கடையில் கேட்கும், அவன் பேரில். முடிக்கிறதானால் இங்கே வந்து என் கண் முன்னால் முடி என்றேன். சரிக்கா என்று உடனே ஒத்துக்கொண்டான். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

நாத்தனாரிடம் கம்ப்யூட்டர் இப்போது கிடையாது, உங்கள் பெண் இங்கே வந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "உனக்கு எதுக்கும்மா அது?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 6

ஒயர் வந்து உட்கார்ந்தான். முதலில் அவளை எடு என்றேன். என்னதான் கட்டுச் சரக்கு என்றாலும், அவள்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. எடுத்தான். கேட்டோம். கஞ்சி போடாத விரிப்பு மாதிரி தொய்ந்து கிடந்தது.

"போடவாக்கா?"

"போட்டுத் தொலை."

அந்த மூச்சுக்குப் பிறகு என்ன வரணும் என்பதுதான் சிக்கல். அங்கேதான் அவரும் ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறார். ஒயர் புதிதாக ஒரு டிரம்மை வைத்தான். அப்புறம் ஒரு விசில். அப்புறம் என்னமோ இடி மாதிரி ஒன்று. ஆளுக்கு ஆள் பேசுகிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

"தம்பி, சேர்த்துக்கிட்டே போனா எப்ப முடியும்?"

"சேர்க்கத்தான்கா ஆசை வருது. அண்ணனுக்கும் அதே வியாதிதான்."

அவன் வைத்ததை எல்லாம் கழற்றச் சொன்னேன். அவர் விட்ட இடத்திலிருந்து அதே பட்டைகளை நீட்டிக்கொண்டுபோய், ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். முதலில் டும். அது போனதும் மோட்டார் முனகல் வெளியே தெரிந்தது. அது இவ்வளவு நாளும் அடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் மணி.

ஒவ்வொரு பட்டையையும் எடுப்பதற்கு முன் ஒயர் கொஞ்சம் நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13

ஒரு வாரமாக மடியாத விரிப்பை மடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இதோடுதான் மல்லாட்டம். வேலை விட்டு வந்ததும் நானே திறந்து கேட்கிறேன். இன்று ஒயர் வந்ததும் இங்கே சீக்கிரம், அங்கே தாமதம் என்று சொன்னேன். "அக்கா, நீங்க அண்ணனைவிட மோசம்" என்றான்.

முடிந்தது. அவனும் சொன்னான், நானும் சொன்னேன்.

பாட்டு யாருடையது என்று பேர் எழுதும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். அவர் பேர்தான். அவர் பேர் மட்டும்தான். சந்தேகப்பட்டு அவன் பேரைத் தேடினேன், இல்லை.

"உன் பேரையும் போடு தம்பி" என்றேன். போடவில்லை.

ஏப்ரல் 15

ரூமுக்குள் காற்று வரவில்லை என்று கதவைத் திறந்துவைத்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் வந்தது தெரியவில்லை. பாதியில் பார்த்தால் வாசலில் செருப்போடு நிற்கிறார், கண் இடுங்கிப்போய்.

"யாரும்மா அது?"

"எது அண்ணி?"

"யாரோ ஒரு பொம்பளை மூச்சு விடுறாளே. தம்பி கம்ப்யூட்டர்லயா?" குரலைத் தணித்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. இருபது இடத்துல வேலை பார்க்கிறவ. நம்ம வீட்டுலயும் கொஞ்ச நாளா இருக்கா."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். புருஷன் போனதில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

டும் போனது. முனகல் போனது. மணி ஒரு தடவை அடித்து, அதுவும் போனது. கடைசியில் அவளை மட்டும் விட்டிருந்தோம். அவளை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. மூச்சை விட்டாள், அடங்கினாள்.

நாத்தனார் திரைப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் அண்ணி. முடிஞ்சுபோச்சு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றார்.