டிரேவருக்குக் கல்யாணமாம்!

12 ஜனவரி, திங்கள்
இன்றும் நின்றுகொண்டே போனேன். ஈஜிபுராவிலிருந்து பொம்மசந்திரா வரை கம்பெனி பஸ்ஸில் நான் நிற்கும் நேரத்தில் இரண்டு ராஜவம்சங்கள் எழுந்து விழுந்துவிடும். இத்தனை வருஷமாக ஆஸ்டின் டவுனில் ஏறி, பக்கத்து சீட்டில் கர்ச்சீப் விரித்து எனக்கு இடம் பிடித்தவன் டிரேவர். இப்போது அங்கே அவன் டிபன் பை ஜம்மென்று உட்கார்ந்து வருகிறது. என் குற்றம்? அவன் சுட்ட கிறிஸ்துமஸ் கேக்கை எங்கள் கோலார் சுரங்கத்துப் பாறையோடு ஒப்பிட்டேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி. பாறை அல்லவா கோபப்பட வேண்டும்?

13, செவ்வாய்
நின்றேன்.

18, ஞாயிறு
டிரேவரிடமிருந்து வாட்ஸப்! 'கல்யாணத்துக்கு அவசியம் வரவும்.' கூடவே பத்திரிகை என்று ஒரு ஃபைல். ஐம்பத்திரண்டு வயது பிரம்மச்சாரி, பேக்கிங் செக்‌ஷன் ஆரோக்கியமேரியைக் கண்டால் பேச்சே மறந்துபோகிறவன் — அவனுக்கா கல்யாணம்! பெண் யார்? தட்டினேன், தட்டினேன், ஃபைல் திறக்கவில்லை. போனில் இடமில்லையாம், குட் மார்னிங் ரோஜாக்கள் குடியிருக்கின்றன. போகட்டும். கோபத்தை மறந்து என்னைக் கூப்பிட்டானே! கூடத்தில் ஒரு சுற்று ஆடினேன். பெங்களூரு லேசாக அதிர்ந்தது.

19, திங்கள்
யானைக்குப் போடும் அளவில் ஒரு மாலை வாங்கி, பஸ்ஸில் ஏறியதும் டிரேவர் கழுத்தில் போட்டேன். ஒரே கைதட்டல். எல்லோருக்கும் அதே செய்தி போயிருக்கிறது! டிரைவர் மஞ்சுநாத், "ஏனு குரு, மதுவே ஊட்டா எல்லி?" என்று கல்யாணச் சாப்பாட்டுக்கு அடிபோட்டார்.

"யாருக்குடா கல்யாணம்? நான் ஒண்ணும் அனுப்பல மச்சா!" டிரேவர் முகம் அவன் கேக்கைவிடக் கெட்டியாகிவிட்டது.

எனக்குப் பின்னால் ஏறிய ஆரோக்கியமேரி தழுதழுத்தாள். "எல்லாருக்கும் வந்துச்சு. எனக்கு மட்டும் வரலையே சார்."

"உங்க நம்பரே எங்கிட்ட இல்லையே, மேரி!"

"கேட்டிருந்தாத்தானே இருக்கும்?"

பஸ் இன்ஜினே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகள் யாமினி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ மாமா, அது ஸ்பாம்! டிரேவர் அங்கிள் இதே மாதிரி யாரோ அனுப்பினதைத் திறந்திருப்பாரு. அவர் போன்ல இருக்கிற எல்லாருக்கும் தானா போயிருக்கு. நீங்க திறந்திருந்தா பேங்க்ல ஒரு பைசா மிஞ்சியிருக்காது."

ரோஜாக்கள் காப்பாற்றின. ஆனால் — அப்போ அவன் என்னைக் கூப்பிடவே இல்லையா? அந்த மாலையை ஒரு வைரஸுக்கா போட்டேன்? நாளைக்கும் டிபன் பைதான் உட்காரப் போகுது. போச்சு, எல்லாம் போச்சு.

20, செவ்வாய்
கர்ச்சீப்! கர்ச்சீப்! கர்ச்சீப்!

"மாலையாடா அது? கழுத்து புடிச்சிக்கிச்சு," என்றான் டிரேவர். மடிவாளா தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நம்பர் குடுத்துட்டாங்க மச்சா."

அவன் போனை யாமினியிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பரை மட்டும் தனியாக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான், தங்கக்கட்டி மாதிரி.

9 பிப்ரவரி, திங்கள்
கர்ச்சீப் விரித்திருந்தது. புதுசு, ஓரத்தில் பூவேலை. உட்காரப் போனேன்.

"எழுந்திரு மச்சா. மேரி வர்றாங்க."

பொம்மசந்திரா வரை நின்றேன். மறுபடியும் இரண்டு ராஜவம்சங்கள். டிபன் பையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சில்க் போர்டு சிக்னலில் போன் சிணுங்கியது. டிரேவர்: 'கால் வலிக்குதா?'

நண்பர் பெயரில் வந்த சந்தேகத்துக்குரிய செய்தி. உடனே அழித்தேன்.